வலி மாத்திரை சேரவில்லையா? எந்த மருந்து, எந்த வகை ஒவ்வாமை என்று கண்டறியும் வழி

'எனக்கு வலி மாத்திரை சேராது' என்று சொல்லும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு இபுபுரோஃபென் மட்டும்தான் ஆகாது. டைக்ளோஃபெனாக்கோ ஆஸ்பிரினோ அவரை ஒன்றும் செய்யாது. இன்னொருவருக்கு இபுபுரோஃபெனோடு டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், கெட்டோரோலாக், ஆஸ்பிரின் என்று ஏறக்குறைய எல்லாமே மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். ஆனால் மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் இரண்டு பேரும் சொல்வது ஒரே வாக்கியம். முதலாமவர் தேவையே இல்லாமல் பல்வலியையும் மூட்டுவலியையும் தாங்கிக்கொண்டு காலம் தள்ளுகிறார். இரண்டாமவருக்கு, 'இபுபுரோஃபென்தானே ஆகாது' என்று யாரோ டைக்ளோஃபெனாக் ஊசி போட்டு, அவர் அவசரப் பிரிவில் போய்ச் சேருகிறார்.

எந்த மருந்து, எந்த வகை எதிர்வினை, இனி எதைச் சாப்பிடலாம் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்தால்தான் நோயறிதல் முடிந்ததாக அர்த்தம். பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். மூன்றாவதுதான் வாழ்நாள் முழுக்க உதவும்.

முதலில் உயிர், பிறகு ஆராய்ச்சி

மாத்திரை விழுங்கிய அல்லது ஊசி போட்ட சில நிமிடங்களிலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் அரிப்பும் தடிப்பும் வந்து, கூடவே மூச்சுத் திணறல், குரல் கம்முதல், நாக்கு அல்லது தொண்டை வீக்கம், கண் இருட்டிக்கொண்டு வருதல், திரும்பத் திரும்ப வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது அனஃபிலாக்சிஸ் என்ற உயிராபத்தான ஒவ்வாமை. தோலில் ஒன்றுமே தெரியாமல் மூச்சும் ரத்த அழுத்தமும் மட்டும் விழுவதும் உண்டு. 108-ஐ அழையுங்கள். நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு வாங்கினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள். ரத்த அழுத்தம் விழுந்திருக்கும் நேரத்தில் சட்டென்று எழுந்து நின்றாலே இதயம் நின்றுபோகலாம்.

இதற்கான மருந்து அட்ரினலின். தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில், தசைக்குள், ஒரு கிலோ எடைக்கு 0.01 மி.கி. கணக்கில் போட வேண்டும்; பெரியவர்களுக்கு உச்ச அளவு 0.5 மி.கி., அதாவது 1 மி.லி.-க்கு 1 மி.கி. உள்ள ஆம்ப்யூலில் அரை மி.லி. தேவைப்பட்டால் 5 முதல் 15 நிமிடத்தில் இன்னொரு முறை. சின்ன கிளினிக்குகளில் அவில் என்ற ஒவ்வாமை ஊசியையும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசியையும் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருப்பது இன்னும் வழக்கத்தில் இருக்கிறது. அவில் அரிப்பைக் குறைக்கும். மூடும் தொண்டையைத் திறக்காது. ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கவே மணிக்கணக்காகும். அட்ரினலினைத் தாமதப்படுத்துவதுதான் உயிரைப் பறிக்கிறது.

மருத்துவமனையில் இருக்கும்போதே ஒன்று கேளுங்கள்: ரத்தத்தில் டிரிப்டேஸ் அளவு பார்க்க முடியுமா? எதிர்வினை தொடங்கிய அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள், கடைசியாக நான்கு மணிக்குள் எடுத்த ரத்தம் வேண்டும். முழுதாகத் தேறி ஒரு நாளாவது கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும். முதல் அளவு, இரண்டாவது அளவின் 1.2 மடங்கோடு 2 நானோகிராம் கூட்டி வருவதைவிட அதிகமாக இருந்தால், ஒவ்வாமையில் டிரிப்டேஸைக் கொட்டும் மாஸ்ட் செல்கள் வெடித்தது உறுதி. இரண்டாவது அளவு 5 என்றால் வரம்பு 8. அளவு ஏறாததால் ஒவ்வாமை இல்லை என்று ஆகிவிடாது. ஏறியிருந்தால், பிற்பாடு எழும் பாதிச் சந்தேகங்கள் அங்கேயே தீரும்.

வேகமாக வரும் இந்த ஆபத்தைத் தவிர, மெதுவாக வரும் ஆபத்தும் ஒன்று உண்டு. வாய்க்குள் புண், கண் சிவந்து எரிதல், தொட்டாலே வலிக்கும் தோல், கொப்புளம், தோல் உரிதல், காய்ச்சலோடு முகம் வீங்குதல், நெறிகட்டுதல் ஆகியவை மருந்து தொடங்கிச் சில நாள்களிலோ வாரங்களிலோ தலைகாட்டும். மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஸ்டீவன்ஸ்-ஜான்சன், டிரெஸ் என்று பெயர் பெற்ற இவற்றில் ஒரு நாள் தாமதமும் விலை கேட்கும்.

அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள்

நோயறிதலில் பாதி வேலை வீட்டில் நடக்கிறது. அரிப்பு அடங்கியதும் மாத்திரை அட்டை குப்பைக்குப் போய்விடுகிறது. ஆறு மாதம் கழித்து 'மஞ்சள் கலர், நீளமா இருக்கும்' என்பதுதான் மிச்சம். எனவே உடனே செய்ய வேண்டியவை: அட்டையின் பின்புறத்தில் மருந்தின் பெயரும் மி.கி. அளவும் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம். மருந்துச் சீட்டின் படம். தடிப்பு, வீக்கம், தழும்பு ஆகியவற்றை வெளிச்சத்தில் அருகிலிருந்தும் தள்ளி நின்றும் எடுத்த படங்கள். தடிப்பு மறையும் முன் ஒன்றைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டுவையுங்கள். 24 மணிக்குள் கோட்டை விட்டு இடம் மாறி, சுவடு இல்லாமல் மறைந்தால் அது காணாக்கடித் தடிப்பு. அதே இடத்தில் நாள்கணக்கில் நின்று கறுத்தால் அது வேறு வகை.

மருந்துக்கடைக்காரர் தாளில் சுற்றிக் கொடுத்த உதிரி மாத்திரைகள் என்றால் அன்றைக்கே திரும்பிப் போய் என்னென்ன கொடுத்தார் என்று எழுதி வாங்குங்கள். இரண்டு நாள் கழித்தால் அவருக்கும் நினைவிருக்காது.

மாத்திரையின் வணிகப் பெயரை மட்டும் எழுதினால் போதாது. காம்பிஃப்ளாமில் இபுபுரோஃபெனும் பாராசிட்டமாலும் இருக்கின்றன. ஜீரோடால் எஸ்பி என்றால் அசெக்ளோஃபெனாக், பாராசிட்டமால், செராட்டியோபெப்டிடேஸ் மூன்றும். மெஃப்டால் ஸ்பாஸில் மெஃபினமிக் அமிலத்தோடு டைசைக்ளோமின். சாரிடானில் புரோபிஃபெனசோன், பாராசிட்டமால், கஃபீன். ஒரே மாத்திரைக்குள் இரண்டு மூன்று சந்தேக நபர்கள்! இதற்கு மேல் பல் பிடுங்கிய நாளில் அமாக்சிசிலினும், வயிற்றெரிச்சலுக்கு ரேபிபிரசோலும் சேர்ந்திருக்கும். ஆன்டிபயாட்டிக் செய்த குற்றம் வலி மாத்திரை மேல் விழுவதும், வலி மாத்திரை செய்தது ஆன்டிபயாட்டிக் மேல் விழுவதும் அன்றாடம் நடப்பவை.

அடுத்து நேரம். விழுங்கிய மணி, முதல் அறிகுறி தெரிந்த மணி, அடங்கிய மணி. 'சாப்பிட்டதும் வந்தது' என்று எழுதாமல் 'இரவு 9.10-க்கு விழுங்கினேன், 9.50-க்கு இமை வீங்கியது' என்று எழுதுங்கள். ஒரு மணிக்குள் வந்தால் குறிப்பிட்ட அந்த ஒரு மருந்துக்கு எதிராக ஐஜிஇ என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தால் வரும் ஒவ்வாமைக்கு வாய்ப்பு கூடுதல். மூச்சிரைப்பும் மூக்கடைப்பும் வழக்கமாக அரை மணியிலிருந்து மூன்று மணிக்குள் வரும். தடிப்பும் வீக்கமும் சில மணி நேரம் கழித்தும் வரலாம். ஒரு நாளுக்கு மேல் ஆனால் வேறு வகையைத் தேட வேண்டும்.

அன்றைக்குக் காய்ச்சல் இருந்ததா, ஓட்டமோ உடற்பயிற்சியோ உண்டா, மது அருந்தியதா, இறாலோ நண்டோ கோதுமைப் பண்டமோ சாப்பிட்டதா என்பதையும் எழுதுங்கள். வெறும் சப்பாத்தியும் ஒன்றும் செய்யாது, வெறும் ஆஸ்பிரினும் ஒன்றும் செய்யாது, இரண்டும் சேர்ந்தால் மட்டும் அனஃபிலாக்சிஸ் வரும் ஆட்கள் இருக்கிறார்கள். கோதுமைப் புரதம் குடல் வழியாக ரத்தத்துக்குள் கூடுதலாக நுழைய வலி மாத்திரை வழிவிடுகிறது. அங்கே உண்மையான ஒவ்வாமை கோதுமைக்கு. இதைக் கேட்காமல் விட்டால் மருந்தைப் பரிசோதித்து 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்த விருந்தில் மறுபடி விழுவார்.

ஒவ்வாமைபோலத் தோன்றும், ஆனால் இல்லை

வயிற்றெரிச்சல், புளித்த ஏப்பம், கறுப்பு மலம் ஆகியவை இந்த மருந்துகளின் பக்க விளைவுகள். கறுப்பு மலம் ரத்தக் கசிவாக இருக்கலாம் என்பதால் உடனே காட்ட வேண்டும்; ஆனாலும் ஒவ்வாமை அல்ல. சில நாள் சாப்பிட்டபின் இரண்டு காலும் வீங்குவது சிறுநீரகம் உப்பைத் தேக்கிவைப்பதால் வருவது.

ஊசி போட்டதும் முகம் வெளுத்து, வியர்த்து, மயங்கி விழுந்து, படுத்த இரண்டு நிமிடத்தில் தெளிந்தால் அது பெரும்பாலும் பயத்தில் வரும் மயக்கம். அப்போது நாடி மெதுவாக ஓடும். அனஃபிலாக்சிஸில் நாடி பொதுவாக விரைந்து ஓடும்; தோல் சிவந்து அரிக்கும். டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட இடத்தில் மட்டும் அந்த நொடியே கடும் வலி எழுந்து, தோல் நீலம் பாரித்து வலைபோலக் கோடுகள் தோன்றினால் அது நிக்கோலாவ் பாதிப்பு. ரத்தக்குழாய் அடைபட்டுத் திசு செத்துப்போவது அது. அவசரம்தான், ஆனால் மாத்திரையாகச் சாப்பிடத் தடை என்று பொருள் கொள்ளக் கூடாது.

நம்மூரில் அதிகம் குழப்புவது காய்ச்சல். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்களில் உடல் முழுக்கச் சிவந்து நடுநடுவே வெள்ளைத் திட்டுகளோடு படை வரும். அதற்கு முந்தைய நாள் சாப்பிட்ட மாத்திரை மேல் பழி விழும். (டெங்கு சந்தேகம் இருக்கும்போது இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதுவும் கூடாது, அதற்குக் காரணம் ரத்தக் கசிவு.) குழந்தைகளுக்கு வைரஸ் காய்ச்சலே காணாக்கடியைக் கொண்டுவரும். 'இபுபுரோஃபென் அலர்ஜி' என்று எழுதப்பட்ட குழந்தைகளை முறையாகச் சோதித்தால் பெரும்பாலானவர்களுக்கு அந்த மருந்து சேரவே செய்கிறது.

அரிப்போ தடிப்போ இல்லாமல் உதடும் நாக்கும் மட்டும் வீங்கினால், ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். வருடக்கணக்கில் சாப்பிட்டபின்னும் திடீரென்று அந்த வீக்கம் வரலாம்.

எல்லா மருந்தும் ஏன் ஒன்றாகச் சேர்ந்து தாக்குகின்றன

ஆஸ்பிரின், இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவற்றின் வேதி அமைப்பு வெவ்வேறு, வேலை ஒன்றே. மூன்றும் காக்ஸ்-1 என்ற நொதியை அடைக்கின்றன. அந்த நொதி தயாரிக்கும் புரோஸ்டாகிளாண்டின் ஈ2, சிலரது மூச்சுக்குழாயிலும் தோலிலும் லியூகோட்ரையீன் என்ற பொருளைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. அந்தப் பிடி தளர்ந்தால் லியூகோட்ரையீன் பெருகும். மூச்சுக்குழாய் இறுகும், மூக்கு ஒழுகும், தோல் தடிக்கும். இதில் நோய் எதிர்ப்புப் புரதத்துக்கு வேலையே இல்லை. அதனால்தான் பெயர் மாற்றி, கம்பெனி மாற்றி, வேதிக் குடும்பமே மாற்றிக் கொடுத்தாலும் அதே எதிர்வினை. முதன்முறை சாப்பிடும்போதே வருவதும் இதனால்தான்.

இன்னொரு பக்கம், ஒரே ஒரு மருந்தின் வடிவத்தை அடையாளம் கண்டு ஐஜிஇ தாக்குவது. அங்கே அந்த மருந்தும் அதன் நெருங்கிய உறவுகளும் மட்டும் ஆபத்து. இபுபுரோஃபெனின் உறவுகள் நாப்ராக்சென், கெட்டோபுரோஃபென், ஃபுளுர்பிபுரோஃபென். டைக்ளோஃபெனாக்கின் நெருங்கிய உறவு அசெக்ளோஃபெனாக். உடலுக்குள் அதில் ஒரு பகுதி டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது. பைராக்சிகாமும் மெலாக்சிகாமும் ஒரு குடும்பம். மெஃபினமிக் அமிலம் தனிக் குடும்பம்.

இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும், அதைத்தான் பல இடங்களில் கேட்பதில்லை: எதிர்வினை வந்தபின் வேறு குடும்பத்து வலி மாத்திரை எதையாவது முழு அளவில் சாப்பிட்டு, ஒன்றும் ஆகாமல் இருந்ததா? இபுபுரோஃபெனுக்கு வீங்கியவர், பின்னொரு நாள் டைக்ளோஃபெனாக் 50 மி.கி. சாப்பிட்டுச் சாதாரணமாக இருந்திருந்தால் அவருக்கு ஒரு குடும்பம் மட்டுமே ஆகாது. இபுபுரோஃபெனுக்கும் வந்தது, மெஃபினமிக் அமிலத்துக்கும் வந்தது என்றால் காக்ஸ்-1 வகை என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம். 'டோலோ சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை' என்பது இங்கே எதையும் நிரூபிக்காது; பாராசிட்டமால் காக்ஸ்-1-ஐ லேசாகத்தான் தொடும். இதயத்துக்கான 75 மி.கி. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்வதும் முழுச் சான்று ஆகாது, ஏனென்றால் சிலருக்கு அதைவிடப் பெரிய அளவில்தான் எதிர்வினை தொடங்கும். இந்தக் கேள்விக்கு விடை காண, வீட்டில் புதிதாக ஒரு மாத்திரையை எடுத்து 'டெஸ்ட்' பண்ணிவிடாதீர்கள். பழைய சீட்டுகளைப் புரட்டுங்கள்.

ஆஸ்துமாவும் மூக்கில் சதையும் இருந்தால்

இவர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் முப்பது வயதை ஒட்டித் தொடங்கும். முதலில் ஆறாத மூக்கடைப்பு, பிறகு வாசனை தெரியாமல் போவது, மூக்கில் சதை வளர்ச்சி, அறுவை செய்தாலும் திரும்ப வளர்வது, கூடவே ஆஸ்துமா. ஒரு நாள் தலைவலிக்கு ஒரு மாத்திரை, ஒரு மணி நேரத்தில் மூச்சு அடைத்துக்கொள்ளும். 1922-ல் பிரான்சில் விடாலும் அவர் குழுவினரும் விவரித்தது இதைத்தான். 1968-ல் அமெரிக்காவில் சாம்டரும் பீர்ஸும் எழுதியபின் சாம்டர் முக்கூட்டு என்று பெயர் நிலைத்தது. ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இந்த வகை இருக்கிறது. கடும் ஆஸ்துமாவில் இரட்டிப்பு.

வாசனை இழப்பும் திரும்ப வளரும் சதையும் இருந்தால், இதுவரை ஒரு மாத்திரைக்கும் எதிர்வினை வராவிட்டாலும் சந்தேகப்படுங்கள். ஒரு கோப்பை மதுவுக்கே மூக்கடைத்து நெஞ்சு இறுகுவது இன்னொரு துப்பு. இவர்களுக்கு மாத்திரை விழுங்குவதைவிட ஊசி வேகமாகத் தாக்கும்; கண்புரை அறுவைக்குப் பின் விடும் கெட்டோரோலாக் சொட்டு மருந்துகூட இழுப்பைக் கிளப்பலாம்.

நாள்பட்ட காணாக்கடி உள்ளவர்கள் இன்னொரு கூட்டம். ஆறு வாரத்துக்கு மேல் அடிக்கடி தடிப்பு வருபவர்களில் கணிசமானோருக்கு வலி மாத்திரை அதை மூர்க்கமாக்கும். நோய் அடங்கியிருக்கும் காலத்தில் அதே மாத்திரை ஒத்துக்கொள்ளவும் கூடும். 'போன மாதம் சேர்ந்தது, இந்த மாதம் சேரவில்லை' என்ற குழப்பத்துக்கு இது காரணம்.

திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் கறுப்பு வட்டம்

மாத்திரை சாப்பிட்ட சில மணி நேரத்தில் உதட்டிலோ பிறப்புறுப்பிலோ கையிலோ வட்டமாகக் கருஞ்சிவப்புத் திட்டு, எரிச்சல், சில சமயம் நடுவில் கொப்புளம். ஆறியபின் சாம்பல் கறுப்பு அடையாளம் மாதக்கணக்கில் நிற்கும். அடுத்த முறை அதே மருந்து, அதே இடம். இதுதான் ஃபிக்ஸ்ட் டிரக் எரப்ஷன். பிறப்புறுப்பில் வந்தால் பால்வினை நோய் என்று பயந்து வெளியே சொல்லாமல் மாதக்கணக்கில் தவிப்பவர்கள் உண்டு. சொல்லுங்கள், தோல் மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பார்.

வலி மாத்திரைகளோடு, பாராசிட்டமாலும் கோ-டிரைமாக்சசோல், மெட்ரோனிடசோல், டினிடசோல், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகியவையும் இதைச் செய்யும். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் சேர்ந்து வந்த நாளில் இவற்றில் இரண்டு மூன்றை ஒன்றாகச் சாப்பிட்டிருப்பார்கள், கவனம். இங்கே பேட்ச் டெஸ்ட் பயன்படும். மருந்தை வாசலினில் குழைத்து ஒட்டி, ஒன்றிரண்டு நாளில் பார்ப்பார்கள். பழைய கறுப்பு அடையாளத்தின் மேலேயே ஒட்ட வேண்டும். நல்ல தோலில் ஒட்டினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் அந்த மருந்தை நினைவு வைத்திருக்கும் டி செல்கள் அந்தத் திட்டுக்குள்தான் தங்கியிருக்கின்றன.

பணம் போகும், பதில் வராது

பரிசோதனைக் கூடங்களில் கிடைக்கும் ரத்த அலர்ஜி பேனல் தூசிக்கும் உணவுக்கும் ஓரளவு உதவலாம். இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் ஒவ்வாமையைக் கண்டறிய நம்பகமான ஐஜிஇ ரத்தப் பரிசோதனை வழக்கத்தில் இல்லை. காக்ஸ்-1 வகையில் ஐஜிஇ-யே சம்பந்தப்படாததால், இருந்தாலும் பயனில்லை. தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் புரோபிஃபெனசோன் போன்ற பைரசோலோன் மருந்துகளுக்குத்தான் ஓரளவு மதிப்புடையது.

டைக்ளோஃபெனாக் ஊசிக்கு முன் முழங்கையடியில் துளி மருந்தை ஏற்றி 'டெஸ்ட் டோஸ்' பார்ப்பது ஆறுதல் தரும், பாதுகாப்பு தராது. அங்கே தடிக்கவில்லை என்பதால் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு அடைக்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

உறுதி செய்யும் ஒரே வழி: கண்காணிப்பில் மருந்து கொடுத்துப் பார்ப்பது

இது வீட்டிலோ தனி கிளினிக்கிலோ செய்வதல்ல. அட்ரினலின், ஆக்சிஜன், நெபுலைசர், அனஃபிலாக்சிஸைக் கையாண்ட ஆட்கள் உள்ள மருத்துவமனை வேண்டும். பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல், நெஞ்சக நோய் அல்லது ஒவ்வாமைப் பிரிவில் விசாரியுங்கள்.

எதிர்வினை முடிந்து குறைந்தது நான்கு வாரம் ஆகியிருக்க வேண்டும். செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், ஃபெக்சோஃபெனடின் வகைகளை சில நாள் முன்பே, பொதுவாக 5 முதல் 7 நாள், நிறுத்தச் சொல்வார்கள். இல்லாவிட்டால் தடிப்பு மறைந்து பொய்யான 'நெகட்டிவ்' வரும். ஆஸ்துமா இன்ஹேலரை நிறுத்தவே கூடாது. ஊதிப் பார்க்கும் சோதனையில் முதல் நொடிக் காற்றளவு, எதிர்பார்க்கும் அளவில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அட்டெனலால், மெட்டோபுரோலால் சாப்பிடுபவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்து உடலில் இருந்தால் அட்ரினலின் சரியாக எடுக்காது. கர்ப்பிணிகளுக்குச் செய்வதில்லை. தோல் உரிந்தவர்கள், டிரெஸ் வந்தவர்களுக்கு அந்த மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது என்ற பேச்சே இல்லை.

வரிசையில்தான் சூட்சுமம் இருக்கிறது. இபுபுரோஃபெனுக்கு அனஃபிலாக்சிஸ் வந்தவரிடம் இபுபுரோஃபெனையே கொடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. காக்ஸ்-1-ஐ வலுவாக அடைக்கும், வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஆஸ்பிரினைக் கொடுத்தால் போதும். அது ஒத்துக்கொண்டால் ஆகாதது இபுபுரோஃபென் குடும்பம் மட்டும். மற்றவற்றின் கதவு திறந்துவிடுகிறது. ஆஸ்பிரினுக்கும் வந்தால் காக்ஸ்-1 வகை. அதன்பின் பாராசிட்டமாலையும், காக்ஸ்-1-ஐப் பெரிதாகத் தொடாத வலி மாத்திரையான எட்டோரிகாக்சிப்பையும் கொடுத்து, எது பாதுகாப்பு என்று கண்டுபிடிப்பது அடுத்த கட்டம்.

ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்கள் பின்பற்றும் ஆஸ்பிரின் முறையில் முதல் நாள் வெறும் போலி மாத்திரை. அன்றைக்கே மூச்சளவு 15 சதவீதம் ஏறி இறங்கினால் ஆஸ்துமா அடங்கவில்லை என்று பொருள்; தள்ளிவைப்பார்கள். இரண்டாம் நாள் 27, 44, 117, 312 மி.கி. என்று ஒன்றரை முதல் இரண்டு மணி நேர இடைவெளியில். கூட்டினால் 500. முதல் நொடிக் காற்றளவு 20 சதவீதம் விழுந்தாலோ, தெளிவான தடிப்போ வீக்கமோ மூக்கு-கண் அறிகுறியோ வந்தாலோ அங்கேயே நிறுத்திச் சிகிச்சை. அரிப்பு என்று வாயால் சொல்வது மட்டும் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். பயத்திலும் உடம்பு அரிக்கும். போலி மாத்திரை நாள் அதற்காகவும்தான்.

நடுவில் சோதனை கெடுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். இடைவெளியைச் சுருக்கி அரை மணிக்கொரு முறை கொடுத்துவிடுவது ஒன்று: முந்தைய அளவின் விளைவு வருமுன் அடுத்தது உள்ளே போய்விடும். முழு வேளை அளவை எட்டாமல் பாதியிலேயே 'ஒத்துக்கொண்டது' என்று அனுப்புவது மற்றொன்று: வீட்டில் 400 மி.கி. சாப்பிடும்போது வரும். கடைசி அளவுக்குப் பின் சில மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டு, அடுத்த இரண்டு நாள் வீட்டில் தோலைக் கவனியுங்கள்.

காக்ஸ்-1 வகையினருக்கு பாராசிட்டமால் 500 மி.கி. பொதுவாக ஒத்துக்கொள்ளும். ஒரே வேளையில் 1000 மி.கி.-யோ அதற்கு மேலோ போனால் ஆஸ்பிரின் ஆஸ்துமா உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு லேசான இழுப்பு வருவது ஆய்வில் பதிவாகியிருக்கிறது. அதனால் '650 இரண்டாகப் போட்டுக்கொள்' என்ற பழக்கம் இவர்களுக்கு வேண்டாம். எட்டோரிகாக்சிப், செலிகாக்சிப் பெரும்பாலானவர்களுக்குச் சேரும், ஆனால் முதல் வேளையை மருத்துவமனையில் பிரித்துக் கொடுத்துப் பார்த்த பிறகே. இதய நோயும் கட்டுக்கடங்காத ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு எட்டோரிகாக்சிப் பொருந்தாது.

முடிவைப் பையில் வைத்துக்கொள்ள

'பெயின் கில்லர் அலர்ஜி' என்று ஒரு வரி எழுதிய கோப்பு யாருக்கும் உதவாது. இப்படி எழுதி வாங்குங்கள்: 'இபுபுரோஃபென் 400 மி.கி., 40 நிமிடத்தில் இமை வீக்கம், தடிப்பு. ஆஸ்பிரின் சோதனையில் 117 மி.கி.-ல் வீக்கம். காக்ஸ்-1 அடைக்கும் எல்லா மருந்தும் தவிர்க்கவும். பாராசிட்டமால் 500 மி.கி., எட்டோரிகாக்சிப் 60 மி.கி. சோதித்துப் பாதுகாப்பு.' தேதியும் மருத்துவர் கையொப்பமும் இருக்கட்டும். கைப்பேசியில் ஒரு படம், பணப்பையில் ஒரு நகல்.

இதைக் காட்ட வேண்டிய இடங்கள்: பல் மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், கண் மருத்துவர், பிரசவ வார்டு. அறுவை முடிந்ததும் கெட்டோரோலாக் ஊசியோ ஆசனவாயில் டைக்ளோஃபெனாக் மருந்தோ கேட்காமலே வைக்கப்படும் இடங்கள் இவை. வீட்டில் குழந்தைகளுக்கான காய்ச்சல் மருந்துகளைப் பாருங்கள்: மெஃப்டால் பி-யில் மெஃபினமிக் அமிலம், இபுஜெசிக் பிளஸில் இபுபுரோஃபெனும் பாராசிட்டமாலும். மூட்டில் தேய்க்கும் ஜெல்லில் டைக்ளோஃபெனாக் இருக்கும். சாலிசிலேட் இருக்கிறது என்று தக்காளியையும் மிளகாயையும் மஞ்சளையும் விலக்க வேண்டியதில்லை. அந்தப் பட்டியல்கள் சாப்பாட்டைத்தான் கெடுக்கும்.

இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்க ஆஸ்பிரின் கட்டாயம் என்ற நிலை வந்தால் 'சேராது' என்று முடித்துவிட வேண்டாம். மருத்துவமனையில் மிகச் சிறிய அளவில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போய் உடலைப் பழக்கும் முறை இருக்கிறது. பழகியபின் தினமும் விடாமல் சாப்பிட வேண்டும். இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் பழக்கம் கலைந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

எதிர்வினையை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் தெரிவிக்கலாம். நோயாளியே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம், நிரூபிக்க வேண்டிய அவசியம் இல்லை, சந்தேகம் போதும். மெஃபினமிக் அமிலத்தால் டிரெஸ் வரக்கூடும் என்று 2023 நவம்பர் 30-ல் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் விடுத்த எச்சரிக்கை, இப்படி வந்து சேர்ந்த தகவல்களை ஆராய்ந்து எழுந்ததுதான். மாதவிடாய் வலிக்கு அந்த மாத்திரையை மருந்துக்கடையில் நேராகக் கேட்டு வாங்கும் பெண்கள், சாப்பிட்டு இரண்டு முதல் எட்டு வாரத்துக்குள் காய்ச்சலும் படையும் முக வீக்கமும் வந்தால் அந்த மாத்திரையையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.